துஞ்சின, கொண்ட, கொன்ற

அரசனைக் கொல்வதற்கு ஆங்கிலத்தில் தனி வார்த்தை உண்டு. லத்தீன் வழி வந்த அது கொலையையும் குறிக்கும், கொலை செய்தவனையும் குறிக்கும். 1649இல் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்ட 59 பேர்மீதும் அது முத்திரையாக விழுந்தது. தமிழில் தேடினால் 'அரசகொலை' மாதிரியான கூட்டுச்சொற்களே கிடைக்கின்றன. இவை மொழிபெயர்ப்பவனின் மேஜையில் பிறந்தவை. அரசர்கள் கொல்லப்படாத நாடல்ல இது. கொலை இங்கே வேறு சொற்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை நடுவாக வைத்துக்கொண்டால் கிழக்கே தக்கோலம், வடமேற்கே பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. இந்த இரண்டு ஊர்களும் சொல்லுக்குச் சாட்சி. 949இல் தக்கோலத்தில் முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தன், இராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதி யானைமேலிருந்தபடியே மடிந்தான். கொன்றவன் கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன். சோழர் சாசனம் இராஜாதித்தனை 'ஆனைமேல் துஞ்சின' என்கிறது. துஞ்சுதல் என்றால் உறங்குதல். யுத்தத்தின் நடுவே யானைமேல் எவன் உறங்குவான்? ஆனாலும் கல் அப்படித்தான் சொல்கிறது. மேல்பாடியில் இராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படையிலும் அவன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'தான். நோயா, வாளா என்று அந்த வார்த்தையைக் கேட்டுப் பயனில்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் 'சித்திரமாடத்துத் துஞ்சிய', 'குளமுற்றத்துத் துஞ்சிய' என்று அரசர்களைப் பிரித்தறிந்த காலத்திலிருந்தே அதன் வேலை இதுதான். இறந்த இடத்தைச் சொல்லும், இறந்த விதத்தைச் சொல்லாது.

சாதாரணப் படைவீரனுக்கு இந்த உறக்கம் கிடையாது. செங்கம் பகுதி நடுகற்களில் அவன் 'பட்டான்'. மாடு கவர்ந்தவர்களோடு போரிட்டுப் பட்டான், தொறு மீட்டுப் பட்டான். யாருக்காக, எந்தச் சண்டையில் என்பதும் சேர்ந்தே வருகிறது. செத்தவன் உயர உயரச் செய்தி குறைகிறது.

இதே தக்கோலத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். வேலூருக்கு அருகே சோழபுரத்தில் சக ஆண்டு 871க்கு உரிய கல்வெட்டொன்று, கன்னரதேவன் இராஜாதித்தனைக் குத்திவிட்டுத் தொண்டைமண்டலம் புகுந்த ஆண்டு என்று காலம் குறிக்கிறது. மாண்டியா பக்கத்து ஆதகூர்க் கல்லில் பூதுகன் கொன்ற விதமே இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலில் பெயர்த்தபோது அவன் வஞ்சகமாகக் குத்தினான் என்று பொருள் கொண்டார்கள். யானைமேலிருந்த அம்பாரியையே களமாக்கிக் குத்தினான் என்பது பின்னால் வந்த திருத்தம். ஒரு சொல்லின் படிப்பு மாறியதும் துரோகி வீரனாகிவிட்டான். இன்னொன்று. அந்தக் கல் நடப்பட்டது இராஜாதித்தனுக்காக அல்ல, பன்றியோடு போராடிச் செத்த காளி என்ற நாய்க்காக. சோழ இளவரசனின் சாவு அங்கே இடையில் வரும் சேதி.

வென்றவன் கையில் உள்ள சொல் 'கொண்ட'. பராந்தகன் மதுரை கொண்டான். கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' ஆனான். ஊரைக் கொள்ளும் அதே வினை தலையையும் கொள்கிறது. வீரபாண்டியன் தன்னைச் 'சோழன் தலைகொண்ட' என்று அழைத்துக்கொண்டான். பிறகு சுந்தர சோழனின் மகன் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' ஆனான். தலை கொள்வது வெட்டுவதா, பணிய வைப்பதா என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எப்படியானாலும் இது குற்றம் அல்ல, பட்டம். அரசனின் பெயருக்கு முன்னால் எழுதப்படுவது. தக்கோலத்துக்கு அப்பால் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடுகளில் வரும் ஆதித்தன், பாண்டியன் தலையைத் தன் நகரில் வெற்றித்தூணாக நாட்டுகிறான். அதே ஆதித்தன் சாகும்போது, சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையில் போய்விட்டான் என்கிறது அதே ஏடு.

அவன் கொல்லப்பட்டான். அதைச் சொல்வது உடையார்குடிக் கல்வெட்டு. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், சுமார் 987இல் வெட்டப்பட்டது. 'பாண்டியன் தலைகொண்ட' கரிகால சோழனைக் 'கொன்று' துரோகிகளானவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சுட்டுகிறது. ஒரே வாக்கியம், இரண்டு அரச மரணங்கள். பாண்டியன் சாவு விருதாகவும் சோழன் சாவு துரோகமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. கல்லை வெட்டியவனுக்கு இதில் முரண் எதுவும் பட்டிருக்காது.

யார் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்றே நாம் இந்தக் கல்லைக் குடைந்துகொண்டிருக்கிறோம். 'பொன்னியின் செல்வன்' படித்த தலைமுறைகளுக்கு அது இயல்பு. ஆனால் இது கொலை விசாரணைப் பத்திரம் அல்ல. துரோகிகளும் அவர்களுடைய உறவினர்களும் வைத்திருந்த சொத்தைப் பறித்து விற்பது பற்றிய ஆணை. சாவு நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பிறகு, நிலக் கணக்கு எழுதும்போதுதான் கொலையைக் கொலை என்று சொல்ல நேர்ந்திருக்கிறது. வம்சப் பெருமைக்குத் துஞ்சின போதும், வெற்றிக்குக் கொண்ட போதும். சொத்தைப் பறிக்க அவை போதாது. கொன்றவன் ஒருவன் வேண்டும்.

இன்றும் இரங்கல் குறிப்புகளை இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. காலமானார், மறைந்தார், வீரமரணம் எய்தினார். வினை எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படலாம். உண்மையான வினை அநேகமாகப் பக்கத்து அறையில், சொத்து விவரத்தோடு இருக்கும்.