வேட்டுவன் வில் தேர்ந்த வரலாறு

அண்மையில் முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரையைத் திருத்த நேர்ந்தது. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியின் வில் 'கூட்டுவில்' என்று அக்கட்டுரை நிறுவ முயன்றது. அதற்கு மேற்கோளாக எடுக்கப்பட்ட ஆங்கில நூற்பகுதியை எடுத்துப் பார்த்தபொழுது, அது அமெரிக்க நாட்டில் 1966-ஆம் ஆண்டில் புனையப்பெற்ற, கப்பியும் கம்பியும் பூண்ட வேட்டை வில்லைப் பற்றியது எனக் கண்டேன். மாணவர் மேல் முழுக் குற்றமும் சாற்றுவதற்கில்லை. ஆங்கிலத்தில் 'காம்போசிட்' என்றும் 'காம்பவுண்டு' என்றும் வேறுபடுத்தப்படும் இருவகை விற்களும் தமிழில் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சொல் ஒன்றாகவே, பொருளும் ஒன்றென மயங்கிற்று. ஈராயிரம் ஆண்டு இடைவெளி ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லால் மறைந்துபோயிற்று. வேட்டுவன் தனக்குரிய வில்லையும் அம்பையும் எவ்வாறு தேர்ந்தான் என்னும் வரலாற்றை ஈண்டு ஆராய முற்பட்டமைக்கு இதுவே காரணம்.

வில்வகை மூன்று என்று கொள்ளலாம். ஒரே மரத்துண்டையோ மூங்கிலையோ செதுக்கி வளைப்பது தனிவில். உள்வயிற்றிற் கொம்பும், நடுவில் மரமும், புறத்தில் விலங்கின் நரம்பும் பசையால் ஒட்டிச் செய்வது ஒட்டுவில். நாணையும் கம்பிகளையும் அச்சு விலகிய சக்கரங்களிற் பூட்டி இயங்குவது கப்பிவில். முன்னைய இரண்டும் மிகப் பழையன. மூன்றாவது அறுபது ஆண்டு அகவையினதே.

கௌடலியரின் பொருள்நூல், வில்லுக்குரிய பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு அல்லது எலும்பு ஆகியவற்றைக் கூறி, அவற்றாலான விற்களை முறையே தாலம், சாபம், தாரவம், சார்ங்கம் என்னும் பொருள்வழிச் சொற்களாற் குறிக்கின்றது. நாணுக்கு உரியனவாக மூர்வை, எருக்கு, சணல், மூங்கில், நரம்பு முதலியவற்றை எண்ணுகின்றது. இவற்றுள் மூர்வை என்பது நம் மரல். வடமொழியில் நாணுக்கு 'மௌர்வீ' என்னும் பெயர் அதனால் வந்தது. ஆங்கிலேயரும் மரல் இனத்தை 'வில்நாண் சணல்' என்னும் பொருள்படவே வழங்கினர். பாலைத்திணைப் பாடல்களில் மரலைக் காணுந்தோறும் அதனை வறண்ட நிலத்தின் அடையாளமாக மட்டும் கொண்டு போகின்றோம். எயினனுக்கு அது கைக்கெட்டிய நாணும் ஆகும் என்பதனை உரைகள் பெரிதும் எடுத்துரைப்பதில்லை.

பெரும்பாணாற்றுப்படை எயினர் இல்லத்தைச் சொல்லுமிடத்து வில்லைச் 'சாபம்' என்னும் பெயராற் குறிக்கின்றது. பொருள்நூலிற் சாபம் மூங்கில் வில்லாதலின் எயினர் வில்லும் மூங்கிலே எனத் துணிதல் கூடாது. கடன்சொல் பொதுப்பெயராய்த் தேய்ந்து வருவது இயல்பு. சார்ங்கமும் அவ்வாறே. கொம்பு என்னும் பொருளுடைய சொல்லிற் பிறந்து, திருமாலின் வில்லுக்குப் பெயராய் நின்றபின், அதன் கொம்புத்தன்மையை எவரும் நினைப்பதில்லை. 'சிலை' என்னும் தமிழ்ச்சொல் இதற்கு நேர்மாறானது. மரத்தின் பெயரே வில்லின் பெயராயிற்று. வேட்டுவன் முதலில் தேர்ந்தது மரத்தை என்பதற்கு மொழியே தரும் சான்று இது. கொம்பும் நரம்பும் ஒட்டிய வில்லின் பசை ஈரக்காற்றில் நெகிழும். மழைமிகு மலைச்சாரலில் நாள்தோறும் வேட்டையாடுவோர் அத்தகைய வில்லை விரும்பியிருப்பர் என நம்புதல் அரிது.

வில் தேர்தலைத் தனி நூற்பொருளாக ஆங்கிலத்தில் முதற்கண் எழுதியவர் ரோஜர் ஆஸ்கம். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் பயிற்றிய ஆசிரியராகிய இவர் இயற்றிய 'டாக்சோபிலஸ்' 1545-ஆம் ஆண்டில் வெளிவந்து, எட்டாம் ஹென்றி மன்னருக்கு உரிமையாக்கப்பட்டது. நூல் உரையாடல் வடிவினது. வில்லன்பர் ஒருவரும் சொல்லன்பர் ஒருவரும் பேசுகின்றனர், வினவுபவர் சொல்லன்பர். (மொழித்துறையில் இருப்போருக்கு அவ்விடம் பொருத்தமானதே.) வில், நாண், அம்புத்தண்டு, இறகு, முனை என ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, நல்லது எது, போலி எது எனப் பிரித்துக் காட்டுகின்றார். வில்லுக்கு யூ மரமே சிறந்தது என்பதும், அம்புக்கு வாத்தின் இறகுக்கு நிகரில்லை என்பதும் அவர் துணிபு. அதே 1545-இல் 'மேரி ரோஸ்' என்னும் ஹென்றியின் போர்க்கப்பல் கடலில் மூழ்கிற்று. 1982-இல் அதனை வெளிக்கொணர்ந்தபொழுது நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் அக்கப்பலிலிருந்து கிடைத்தன. அவ்விற்களிற் பெரும்பாலானவை நூறு பவுண்டுக்கு மேற்பட்ட இழுவலி உடையன என ஆய்வாளர் மதிப்பிட்டனர். ஆஸ்கம் எழுதியதையும் அவர் காலத்தார் கையாண்டதையும் அருகருகே வைத்துக் காணும் வாய்ப்பு இவ்வாறு வாய்த்தது. ஓரியின் காலத்திற்கு அத்தகைய கப்பல் ஒன்று நமக்கு இல்லை.

எனினும் அவை போர்விற்கள். வேட்டை வில்லின் தேர்வை அறிய வேண்டுமாயின் கலிபோர்னியாவிற்குச் செல்லுதல் வேண்டும். 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒரோவில் என்னும் ஊரில், யாஹி இனத்தைச் சேர்ந்த ஒருவர் பசியால் வாடித் தனியராய் வந்து சேர்ந்தார். குடியேறிகளின் படுகொலைகளால் அழிக்கப்பட்ட அம்மக்களில் எஞ்சியவர் அவரே என்று கருதப்பட்டது. அவர் தம் பெயரைக் கூறவில்லை. ஆதலின் மானிடவியற் பேராசிரியர் குரோபர் அவர்மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்னும் பெயரால் அழைத்தார். சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகக் காட்சிச்சாலையில் அவர் வாழ்ந்த ஆண்டுகளில், மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவராகிய சாக்ஸ்டன் போப் அவரிடம் வில்வித்தை பயின்றார். 1916 மார்ச்சுத் திங்களில் இஷி காசநோயால் இறந்தார். போப் தாம் கற்றதை 1918-இல் 'யாஹி வில்வித்தை' எனவும், 1923-இல் 'வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடல்' எனவும் நூலாக்கினார்.

இஷி வில்லின் நீளத்தை அளக்க அளவுகோலை நாடவில்லை. நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரையுள்ள தொலைவே வில்லின் நீளம். மலைச் சூனிப்பர் மரத்தைச் செதுக்கி, முதுகில் மான்நரம்பை ஒட்டி, நெடுநாள் உலரவிட்டு அவர் அமைத்த வில் குறியது. அதன் இழுவலி ஏறக்குறைய 40 முதல் 45 பவுண்டு. போப் தமக்கெனத் தேர்ந்ததோ ஆங்கில மரபிலான யூ நெடுவில். இழுவலியில் ஆசிரியரின் வில்லை விஞ்சியது. மாணவர் வலிய வில்லைத் தேட, ஆசிரியர் விலங்கின் அருகே செல்லும் வழியைத் தேடினார். மான் வேட்டைக்கு முன் இஷி புகைத்தலை விடுப்பார். உடலைக் கழுவி மனித நாற்றத்தைப் போக்குவார். முயலின் குரலை இதழால் எழுப்பி விலங்கைத் தம்பால் வரச் செய்வார். தொலைவைக் குறைக்க வல்லவனுக்கு வலிகுறைந்த வில் போதும். வில்லைத் தேர்தல் என்பது வேட்டைமுறையைத் தேர்தலே என்பதனை இவ்விருவர் வேறுபாடு போல் வேறெதுவும் விளக்கவில்லை.

அம்பின் செய்தி இன்னும் நுட்பமானது. கூடாவொழுக்க அதிகாரத்தில் வள்ளுவர், வடிவால் நேரிய கணை செயலாற் கொடிது என்று காட்டுகின்றார். அக்கணை வில்லைவிட்டு நீங்கும் நொடியில் நேராக நிற்பதில்லை என்பது வியப்பன்றோ! அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930-களில் அதிவிரைவு நிழற்படங்கள் எடுத்தார். நாணின் உந்துதலால் அம்புத்தண்டு பாம்புபோல் வளைந்து, வில்லின் உடலைச் சுற்றிச் சென்று, பின்னரே நிமிர்கின்றது என்பது அவற்றாற் புலனாயிற்று. ஆதலின் தண்டின் விறைப்பு வில்லின் இழுவலிக்கு இயைந்திருத்தல் வேண்டும். மிக விறைத்த அம்பும் மிக நெகிழ்ந்த அம்பும் இலக்கின் இருபுறமும் விலகும். ஒரு வில்லுக்குச் செவ்விய அம்பு மற்றொன்றுக்குச் செவ்விதாகாது. அம்பைத் தனியே வைத்து நல்லது தீயது என்று கூற இயலாது என்பதனைப் பழைய வேட்டுவர் எய்து எய்தே அறிந்திருந்தனர். படம் பின்னரே வந்தது.

விஸ்கான்சின் மாநிலம் 1934-இல் வில்லுக்கெனத் தனி மான்வேட்டைப் பருவம் வகுத்தது. மரத்துடன் கண்ணாடியிழை ஒட்டிய விற்களும், அலுமினிய அம்புகளும் அடுத்தடுத்து வந்தன. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் பெற்ற கப்பிவில்லே பழைய முறைமையைத் தலைகீழாக்கிற்று.

தனிவில்லை இழுக்க இழுக்க அதன் எதிர்ப்பு வளர்ந்துகொண்டே போகும். முழுதும் இழுத்த நிலையில் அதனைத் தாங்கி நிற்றல் மிகக் கடினம். கப்பிவில்லில், அச்சு விலகிய சக்கரங்கள் சுழலுதலால், எதிர்ப்பு நடுவில் உச்சம் எய்திப் பின் தாழ்கின்றது. ஆலனின் முதல் வில்லில் இத்தளர்வு சிறிதே. இக்கால விற்களில் அது எண்பது விழுக்காடும் அதற்கு மேலும் செல்லும். 70 பவுண்டு உச்சமுடைய வில்லை முழுதும் இழுத்தபின், விரல் தாங்குவது 14 பவுண்டே. வேட்டுவன் மான் திரும்பும் வரை அசையாது காத்திருக்கலாம். வில்லுக்கேற்ப உடலைப் பழக்கிய காலம் போய், உடலுக்கேற்ப வில்லை அளந்து பொருத்தும் காலம் வந்தது. விரித்த இரு கைகளின் நீளத்தை இரண்டரையால் வகுத்து இழுப்பு நீளம் காண்பது இன்றைய வழக்கு. 70 அங்குல விரிவுடையார்க்கு 28 அங்குலம். இது முதல் மதிப்பீடே. எய்து பார்த்தே உறுதி செய்வர். இஷியின் கை-இடுப்பு அளவும் இதுவும் ஒரே கருத்தின் இருவேறு வடிவங்கள் என்பது என் எண்ணம்.

புதிதாக வில் கொள்வோர் உச்ச இழுவலியை மிகையாகக் கொண்டு இடர்ப்படுவதுண்டு. அமர்ந்த நிலையிலும், குளிரில் விறைத்த தோளுடனும், வில்லை மேல்நோக்கித் தூக்காமல் நேராக இழுக்க இயல்வதே அவர்க்குரிய வலி. மானுக்கு 35 அல்லது 40 பவுண்டே போதுமெனக் கீழெல்லை வகுத்த அமெரிக்க மாநிலங்கள் பல. அம்பின் எடை, இழுவலிப் பவுண்டு ஒன்றுக்கு ஐந்து கிரெயினுக்குக் குறைதல் ஆகாது. குறைந்தால் வில்லே உடையும். வேட்டைக்கு அதனினும் கனத்த அம்பே ஏற்றது. 60 பவுண்டு வில்லுக்குக் கீழெல்லை 300 கிரெயின் ஆயினும், 400 கிரெயின், அதாவது ஏறக்குறைய 26 கிராம், உடையதைக் கொள்வோர் மிகுதி. துப்பாக்கிக் குண்டுபோல் அம்பு அதிர்ச்சியாற் கொல்வதில்லை. குருதி வடியச் செய்தே கொல்லும். முனையலகு மழுங்கின், வில் எத்துணை விலையுயர்ந்ததாயினும் விலங்கு நொந்து திரிந்து சாகும். தேர்வில் அறம் புகும் இடம் இது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டமையின், நமக்கு இது வரலாற்றுச் செய்தியே.

இனி ஓரிக்கு மீள்வோம். புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர் கண்ட வேட்டுவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது. இதனை வெறும் புனைந்துரை என ஒதுக்குவாரும், வரலாறு என அப்படியே கொள்வாரும் உளர். யானையை வில்லால் வீழ்த்துதல் இயலாததன்று. கென்யாவின் வாட்டா மக்கள் நூறு பவுண்டுக்கு மேற்பட்ட இழுவலியுடைய தனிவிற்களாலும் நச்சம்புகளாலும் யானை வேட்டையாடினர். ஹோவர்டு ஹில் என்னும் அமெரிக்கர் ஆப்பிரிக்காவில் நெடுவில்லால் யானை எய்ததைக் காட்டும் 'டெம்போ' என்னும் திரைப்படம் 1952-இல் வெளிவந்தது. கப்பி தோன்றுமுன் நிகழ்ந்தன இவை. ஆதலின் 'வல்வில்' என்னும் அடைமொழிக்குக் கூட்டுவில் வேண்டுவதில்லை. வலிய தனிவில்லே அமையும்.

ஓர் அம்பு ஐந்து உடல்களை ஊடுருவியது என்பது உயர்வு நவிற்சியே. ஆயினும் அவ்வரிசையை நோக்குக. பேருடலில் தொடங்கிச் சிற்றுடலில் முடிகின்றது. இறுதியில் அம்பு ஊடுருவிச் செல்லாது உடும்பில் தைத்து நிற்கின்றது. செல்லச் செல்ல வலி குன்றும் அம்பின் இயல்பைப் புலவர் அறிந்தே பாடினார் போலும். பன்றி மட்டும் இவ்வரிசையில் இடறுகின்றது. தோளில் தடித்த தோல் படர்ந்த அவ்விலங்கு மானுக்குப் பின் வருதல் என் கருத்துக்கு முரணே. அதனை மறைக்க விரும்பவில்லை.

வில் மட்கிப் போகும். இரும்பு முனை எஞ்சும். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளுள் அம்பு முனைகளும் இருந்தன. அத்தகைய முனைகளை நாம் வடிவு நோக்கி வகைப்படுத்துகின்றோம். நிறுத்துப் பார்ப்பது அரிது. துரு தின்ற அளவைக் கழித்து முனையின் எடையையும், தண்டு செருகிய குழாயின் விட்டத்தையும் அளந்தால், அம்பின் எடையையும் அதனைச் செலுத்தத்தக்க வில்லின் இழுவலியையும் ஓர் எல்லைக்குள் மதிப்பிடக்கூடும். கட்டுரையைத் திருப்பித் தந்தபொழுது, கூட்டுவில் என்னும் சொல்லை அடித்துவிட்டு, ஓரத்தில் அம்மாணவருக்கு நான் எழுதியது இதுவே: காட்சிச்சாலைக்குச் சென்று முனைகளை நிறுத்து வருக.