இரைப்பைத் தொற்றும் இதயத் தமனி நோயும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், 1920களிலிருந்து மருத்துவர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல் ஏராளமான குடற்புண் நோயாளிகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அக்காலத்தில் புண்ணுக்கு உணவுமுறையும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையிலிருந்து எலிக்கோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். இக்கண்டுபிடிப்புக்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

1994இல் லண்டன் ஆய்வாளர்கள் இத்தொற்றை இதயத் தமனி நோயுடன் தொடர்புபடுத்தினர். நெடுநாள் அழற்சி, தமனிச் சுவரில் கொழுப்புப் படிவதைத் தூண்டலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் சிறுவயது வறுமை இவ்விரு நோய்களுடனும் தொடர்புடையது. ஆகவே தொற்றுதான் காரணம் என்பது இன்றும் உறுதிப்படவில்லை. புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுகொழுப்பு ஆகியவையே உறுதிப்பட்ட காரணிகள். தொற்றுக்கான நுண்ணுயிர்க்கொல்லி மருந்து குடற்புண்ணைக் குணப்படுத்தும். இதய மருந்துக்கு அது மாற்றாகாது.