பீலித் தொட்டியைக் கழுவ யாருக்குப் பேர்?

ஊவாத் தோட்டங்களில் தண்ணீர்ப் பஞ்சம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை மலைகளை வறட்டி எடுக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த வாசம் ஏறுவது அந்தக் காற்றில்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக மெலிவதும் அதே மாதங்களில்தான். ஆனால் ஒக்டோபரில் மழை இறங்கிய பிறகும், ஊற்று நிரம்பி வழியும் இடங்களிலும், குடிக்கிற தண்ணீர் கலங்கலாகவே வந்ததற்குக் கச்சானைக் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீரைக் கொண்டுவருவதற்குக் காசு செலவழித்தவர்கள், வந்த தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலைக்கு ஆள் போடவில்லை. தோட்டத்துத் தண்ணீரின் நூற்றைம்பது வருடக் கதையில் எனக்குத் தெரிகிற பெரிய குறை இதுதான்.

தோட்ட நிர்வாகத்துக்கு அந்த வேலை தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின் தேயிலை வந்தது. தேயிலையோடு ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலை வந்தது. மலைநாட்டில் பல ஸ்டோர்களின் இயந்திரங்களை முதலில் நீர்ச்சக்கரமும் பிறகு டர்பைனும் ஓட்டின. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, அதன் தலைமாட்டில் கம்பி அடைப்பு வைப்பார்கள். ஒரு பலத்த மழைக்குச் சருகும் சுள்ளியும் வந்து அதில் அப்பிக்கொண்டால் குழாயில் நீர் குறையும், டர்பைன் தளரும், இலை அரைக்கும் ரோலர் மந்தமாகும், வாடிய கொழுந்து காத்துக் கிடந்து கெடும். ஒரு மணி நேரத்துக்குள் டீமேக்கருக்குச் செய்தி போய்விடும். ஆகவே வாய்க்கால் பார்க்க ஓர் ஆள் இல்லாமல் அந்த ஸ்டோர் ஓடியிருக்காது. லயத்துத் தொட்டியில் அதே சருகு விழுந்து அழுகினால் எந்தச் சக்கரமும் நிற்பதில்லை. நெருப்புக் காய்ச்சல் வெளியே தெரியவே ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் தொட்டியையும் காய்ச்சலையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் நினைவிருக்காது. இயந்திரத்தின் வடி சுத்தமாக இருந்ததற்கும் மனிதரின் வடி அடைபட்டதற்கும் வேறு மர்மம் எதுவுமில்லை. ஒன்று அடைபட்டால் அன்றைக்கே நட்டம், மற்றது அடைபட்டால் என்றைக்கோ ஒரு நோயாளி.

வடிகட்டும் வித்தையும் அந்தக் காலத்துக்குப் புதிதல்ல. லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் 1829இல் தேம்ஸ் நீரை மணல் வழியே மெதுவாக வடித்துக் கொடுத்தார். 1892இல் எல்பே ஆற்று நீரை வடிக்காமல் குடித்த ஹம்பர்க் நகரம் வாந்திபேதியில் ஆயிரக்கணக்கானோரை இழந்தது. மணலில் வடித்துக் குடித்த பக்கத்து அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இந்த வடியின் உயிர் மணலின் மேற்பரப்பில் வழுவழுவென்று படியும் ஒரு மெல்லிய படலத்தில் இருக்கிறது. அழுக்கைப்போலத் தெரியும் அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கிருமியைத் தின்கின்றன. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது விளங்கும்: வடியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் பிழிந்து வெள்ளையாக்கினால் மீன் சாகும், தொட்டி நீரிலேயே அலசினால் பிழைக்கும். மணல் வடியைக் கழுவவும் அதே நிதானம் வேண்டும். நீரை மணலுக்குக் கீழே இறக்கி, மேலே ஓரிரு சென்டிமீட்டரை மட்டும் சுரண்டி, கீழிருந்து மெல்ல நிரப்பி, படலம் திரும்பப் பிடிக்கும்வரை சில நாள் வரும் நீரைக் குடிக்காமல் வெளியே விட வேண்டும். சிரமதானத்துக்குக் கூடுகிறவர்கள் உற்சாகத்தில் எல்லா மணலையும் அள்ளிக் கழுவிவிட்டால், கழுவாததைவிட மோசம். பழகிய கை வேண்டிய வேலை இது.

தொழிலாளரின் பழக்கவழக்கமே கோளாறு என்பது துரைமாரின் பழைய வாதம். ஆனால் லயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத் துரையின் தலையில்தான் வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். மருந்து குடித்துத் தேறியவர்களுக்கு, கக்கூசு இல்லாத லயத்தில் மறுபடியும் புழு தொற்றியது. பழக்கம்தான் காரணமென்றால், கக்கூசே இல்லாத இடத்தில் எந்தப் பழக்கத்தைத் திருத்துவது? ஆள் போட்ட வேலை நடந்தது என்பதற்கும் லயத்திலேயே சாட்சி உண்டு. கான் கூட்ட வாசக்கூட்டிக்குச் செக்ரோலில் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், விழுந்தது; கான் கூட்டப்பட்டது. பீலித் தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு அன்றைய பேர் போடாவிட்டால் அவர் கொழுந்து மலைக்குத்தான் போவார். ஒரு நாள் பேரை விட்டுக்கொடுத்துப் பொதுத் தொட்டியைக் கழுவு என்று நாட்சம்பளக்காரரிடம் சொல்வது நியாயமாகவும் இல்லை.

கிராமத்தார் தாங்களே செய்யவில்லையா என்பது இன்றைய கேள்வி; இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. 1993க்கும் 1998க்கும் இடையில் உலக வங்கியின் உதவியோடு பதுளை, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் சமூக நீர்வழங்கல் திட்டம் நடந்தது. பயனாளிகளே சங்கம் அமைத்து, கட்டணம் வசூலித்து, திட்டத்தைப் பராமரிக்கும் முறை அது. ஆனால் கிராமத்தாரின் வீடு அவர்களுடையது. தோட்டத்தில் ஊற்றும், குழாய் போகும் நிலமும், லயமும் நிர்வாகத்தின் கையில். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தபோதும் அது மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக 2018 திருத்தம்வரை நின்றது. வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கு இருந்த வழி, தொட்டி திருத்தும் மேசனுக்கு இருக்கவில்லை.

ஊற்றே வற்றினால் வடி எதற்கு என்பார்கள். உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது 2014 இறுதியில் நீர் உடைத்துக்கொண்டு, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியது நிஜம். அந்த இழப்பைத் தொட்டி கழுவி ஈடுசெய்ய முடியாது; அது வேறு வழக்கு. வற்றாத ஊற்றுகளுக்கு அந்தச் சாக்குப் பொருந்தாது. சட்டத் தடை இப்போது இல்லை. பதுளை மாவட்டத்துப் பிரதேச சபைகள் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் புதிய குழாய்க்கு ஒதுக்கும்போது, தோட்டத்துத் தொட்டியையும் வடியையும் பார்க்கும் ஆளுக்கு மாதச் சம்பளத்தையும் சேர்த்து எழுதட்டும். தோட்டத் தலைவர்மார் முதலில் கேட்க வேண்டியதும் அந்தச் சம்பளத்தைத்தான்.