இளங்கன்று பயமறியாதா?

"இளங்கன்று பயமறியாது" என்பது பழமொழி. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன், மழைவெள்ளம் புரண்டோடும் ஆற்றில் பாலத்தின் மேலிருந்து குதிக்கிறான். பெரியோர் இப்பழமொழியைக் கூறி அமைகின்றனர். ஆயின், அச்சிறுவனையே மறுநாள் தனியே அழைத்து, வெள்ளத்தில் குதித்தால் என்ன நேரும் என்று வினவினால், சுழலையும் பாறையையும் மிதந்துவரும் மரக்கட்டையையும் ஒன்றுவிடாமல் எடுத்துரைப்பான். பயத்தை அவன் அறிந்தே இருக்கிறான். அறிந்தும் ஏன் குதித்தான்?

இவ்வினாவிற்கு விடை காண, அறிஞர் உலகம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. அவ்விடை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அமெரிக்க நாட்டில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த பலர் உயிர் பிழைக்கவும் அது துணை நின்றது.

வயதும் பொறுப்பும்

பிள்ளைப் பருவத்திற்கும் முதிர்ச்சிக்கும் இடையே படிகள் உண்டென்பதைப் பண்டையோர் உணர்ந்திருந்தனர். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்பாற் பருவங்களை ஏழாக வகுத்தது தமிழ் மரபு. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டமோ குற்றப் பொறுப்பிற்கு எல்லை வகுத்தது. ஏழு வயதிற்குட்பட்ட குழந்தை குற்றவாளி ஆகாது. ஏழிற்கும் பதினான்கிற்கும் இடைப்பட்டோர் நன்மை தீமை உணர்ந்தே செய்தனர் என மெய்ப்பித்தால் மட்டுமே தண்டனை. பதினான்கு கடந்தோர் பெரியவரோடு ஒப்ப வைக்கப்பட்டனர். நன்மை தீமையை அறிவானா என்பதொன்றே அச்சட்டத்தின் அளவுகோல்.

1899-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியது. ஐந்தாண்டு கழித்து, 1904-ஆம் ஆண்டில், ஸ்டான்லி ஹால் என்னும் அமெரிக்க உளநூற் பேராசிரியர் குமரப் பருவத்தைப் பற்றி இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். அப்பருவம் புயலும் கொந்தளிப்பும் நிறைந்தது என்பது அவர் கருத்து. சமோவாத் தீவில் ஆய்வு நடத்திய மார்கரெட் மீட் என்னும் அம்மையார், 1928-ஆம் ஆண்டில் இதனை மறுத்தார். அத்தீவுப் பெண்கள் இப்பருவத்தை அமைதியாகவே கடப்பதாக எழுதினார். அவர் ஆய்வும் 1983-ஆம் ஆண்டில் டெரக் ஃப்ரீமன் என்பாரால் கடுமையாக மறுக்கப்பட்டது. கொந்தளிப்பு இயற்கையா, வளர்ப்பின் பயனா என்னும் வழக்கு இவ்வாறு நீண்டது.

சிந்தனையில் முதிர்ச்சி

ஜெனீவாவில் பியாஜே என்னும் பேரறிஞரும், இன்ஹெல்டர் என்னும் அம்மையாரும் வேறொரு வழியிற் சென்றனர். நூலிற் கட்டித் தொங்கவிட்ட குண்டொன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தனர். அது விரைந்தோ மெல்லவோ ஊசலாடுவதற்குக் காரணம் நூலின் நீளமா, குண்டின் எடையா, தள்ளும் விசையா? சிறு பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிக் குழம்பினர். பதினான்கு, பதினைந்து வயதினரோ மற்றவற்றை மாற்றாது வைத்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, நூலின் நீளமே காரணம் எனத் துணிந்தனர். 1955-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது நூல், குமரர் காரண காரியத்தை முறையாக ஆராயும் ஆற்றல் பெறுகின்றனர் என்பதை நிறுவியது. அவ்வாறாயின், ஆற்றில் குதித்தவன் கதை இன்னும் பெரும் புதிராகிறது.

மூளையில் நிகழும் மாற்றம்

ஆறு வயதுப் பிள்ளையின் மூளை, அளவில் வளர்ந்தோர் மூளையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உள்ளது. ஆகவே, மூளை வளர்ச்சி இளமையிலேயே முடிந்துவிடுகிறது எனப் பலரும் கருதினர். சிக்காகோவில் பணியாற்றிய குழந்தை நரம்பு மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர், இறந்தோர் மூளைகளை ஆய்ந்து 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இக்கருத்தை அசைத்தது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையில், நரம்பணுக்களின் இணைப்புகள் ஒன்றிரண்டு வயதில் வளர்ந்தோரினும் மிக நெருங்கியுள்ளன. பின்னர்ப் பதினாறு வயது வரையில் அவை குறைந்துகொண்டே வருகின்றன.

உயிரோடு உள்ளோரின் மூளையைக் காந்தப்புலத்தின் துணையால் படம் பிடிக்கும் கருவி வந்தபின், ஜே கீட் என்பாரும் அவர்தம் குழுவினரும் 145 இளையோரை ஆய்ந்தனர். அவருட் பலரைச் சில ஆண்டு இடைவெளியில் மீண்டும் படம் பிடித்தனர். முன்மூளையின் சாம்பல்நிறப் பகுதி பெண்களுக்கு ஏறத்தாழப் பதினொரு வயதிலும், ஆண்களுக்குப் பன்னிரண்டு வயதிலும் உச்சம் அடைந்து, அதன்பின் குறைவதை 1999-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இக்குறைவு நலிவன்று. தோட்டக்காரன் கவாத்து செய்து செடியைச் செம்மைப்படுத்துவது போல, பயன்படாத இணைப்புகள் கழிய, பயன்படுபவை வலுப்பெறுகின்றன என்று அறிஞர் விளக்கினர். அடக்கமும் முன்னெண்ணமும் சார்ந்த முன்மூளை இருபதைக் கடந்த பின்னரும் முதிர்ந்து வருகிறது. பரிசையும் கிளர்ச்சியையும் நாடும் உட்பகுதிகளோ குமரப் பருவத்திலேயே மிகுந்த விழிப்புடன் இயங்குகின்றன.

நண்பர் முன்னிலை

2005-ஆம் ஆண்டில் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு புதிரை மேலும் அவிழ்த்தது. குமரர், இளைஞர், வளர்ந்தோர் என மூவகையினராக 306 பேர், கணினித் திரையில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடினர். மஞ்சள் விளக்கு தோன்றியபின் எவ்வளவு தொலைவு துணிந்து ஓட்டுகின்றனர் என்பதே தேர்வு. தனித்து ஆடியபோது மூவகையினரும் பெரிதும் வேறுபடவில்லை. ஒத்த வயதினர் அருகிருந்தபோது குமரரின் துணிவு பெருமளவு ஏறியது. வளர்ந்தோரிடம் அத்தகைய ஏற்றம் காணப்படவில்லை. பாலத்தின்மேல் நின்ற சிறுவன் தனியே நின்றானா என்று கேட்பின், விடை எளிதில் விளங்கும்.

நீதிமன்றத்தில்

அதே 2005-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. மிசூரி மாநிலத்தில் பதினேழு வயதில் ஒரு பெண்ணைக் கொன்றவனுக்கு மரண தண்டனை தகுமா என்பது வினா. 1989-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம், பதினாறு வயதினர்க்கும் அத்தண்டனை தகும் என்றிருந்தது. இம்முறை ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, பதினெட்டு வயதிற்குமுன் செய்த குற்றத்திற்கு உயிர் பறித்தல் ஆகாது எனத் தீர்த்தது. முதிர்ச்சிக் குறைவு, பிறர் தூண்டுதலுக்கு எளிதில் ஆட்படுதல், குணம் இன்னும் நிலைபெறாமை ஆகிய மூன்றையும் நீதிபதி கென்னடி காரணங்களாகக் காட்டினார். மரண தண்டனைக் கைதிகளுள் எழுபதுக்கும் மேற்பட்டோர் இதனால் உயிர் தப்பினர்.

மாறுபட்ட நீதிபதி ஸ்காலியா கூரிய தடை ஒன்றை எழுப்பினார். அமெரிக்க உளநூற் கழகம் முன்பொரு வழக்கில், கருக்கலைப்புப் பற்றித் தாமே முடிவு செய்யும் அறிவு இளம்பெண்களுக்கு உண்டென வாதிட்டது. இப்பொழுது கொலை வழக்கில் அவ்வயதினர்க்கு முதிர்ச்சி இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? இத்தடைக்கு ஸ்டைன்பர்க் குழுவினர் 2009-ஆம் ஆண்டில் விடை பகர்ந்தனர். பத்து முதல் முப்பது வயது வரை 900-க்கு மேற்பட்டோரை ஆய்ந்து, அமைதியாக எண்ணிப் பார்க்கும் ஆற்றல் பதினாறு வயதளவில் வளர்ந்தோர்க்கு நிகராகிறது என்றும், உந்துதலை அடக்குதலும் தோழர் ஈர்ப்பை எதிர்த்தலும் அதற்குப் பல ஆண்டு பின்னரே முதிர்கின்றன என்றும் காட்டினர். மருத்துவரோடு பேசி முடிவு செய்தல் வேறு. நள்ளிரவில் தோழரோடு கொதித்தெழுதல் வேறு.

இவை பொதுப்போக்கைக் காட்டும் முடிவுகள் என்பதை மறத்தலாகாது. எந்தத் தனிப் பிள்ளையின் குணத்தையும் மூளைப் படத்தைக் கொண்டு அளந்துவிட முடியாது. குற்றத்தைப் பாராட்டாது விடுக என்றும் எவரும் கூறவில்லை. கொலையுண்டவர்க்கு நேர்ந்த இழப்பு, கொன்றவனின் வயதால் குறையாது. திருந்துவதற்கு இடமுள்ள ஒருவனைத் திருந்தாதவன் என முடிவு கட்டலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஆசிரியர்க்கும் இவ்வரலாறு ஒரு செய்தி சொல்கிறது. வகுப்பறையின் அமைதியில் எச்சரிக்கை கேட்ட மாணவன் அதை நன்கு விளங்கிக்கொள்கிறான். தேர்விலும் பிழையின்றி எழுதுவான். சோதனை வரும்போது அவன் வகுப்பறையில் இல்லை; தோழர் நடுவே ஆற்றங்கரையில் நிற்கிறான். ஆகவே அறிவுரையோடு பணி முடிந்ததெனக் கொள்ளலாகாது. பள்ளி விட்டபின் அவன் யாரோடு, எங்கே பொழுது போக்குகிறான் என்பதையும் கருதவேண்டும். துணிவு காட்ட விரும்பும் அவனுக்குத் திடலும், நாடக மேடையும், சாரணர் படையும், உடனிருந்து காக்கும் பெரியோர் ஒருவரும் வேண்டும். கன்று துள்ளத்தான் செய்யும். துள்ளும் இடத்திற்கு வேலி அமைப்பது வளர்ப்போர் கடன்.