அடுப்பில்லாதவர் ஊர்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து, கரையை ஒட்டியே தெற்கு நோக்கிச் சென்று, அரிப்பையும் சிலாவத்துறையையும் கொண்டச்சியையும் பின்னே விட்டு மறிச்சுக்கட்டியை அடையும் பிரயாணி, முட்புதரும் மணலும் வெயிலுமாகக் கிடக்கும் அந்த வெளியைப் பார்த்தபின், இங்கே முப்பது நாற்பதினாயிரம் ஜனங்கள் கூடிச் சமைத்து, உண்டு, குடித்து, வழக்காடி, வாணிகம் செய்த நகரமொன்று இருந்ததென்று எவரேனும் சொன்னால், அதைப் புராணமென்றே கொள்வான். அது புராணமன்று, நம் பாட்டன்மார் கண்ணாற் கண்ட சரித்திரம். முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் மாசி பிறந்ததும் மணலிலே முளைத்து, சித்திரை கழிவதற்குள் சுவடின்றி மறைந்த நகரம் அது. அதன் சிப்பிக் கணக்கையும் வருமானக் கணக்கையும் எழுதி வைத்தோர் பலர். அந்த ஜனசமுத்திரம் எங்கே அமர்ந்து எதை உண்டது என்று கேட்டவர் சிலரே. எனக்கோ நெடுநாளாக அந்தக் கேள்வியே பெரிதாகத் தோன்றி வந்திருக்கிறது.

ஜப்பான் தேசத்திலே இசகாயா என்னும் ஒருவகைக் கடை உண்டு. இன்று அந்நாட்டின் உல்லாசப் பிரயாண ஊர்களிலெல்லாம் வெளிநாட்டார் அதைத் தேடிச் சென்று, சிறு சிறு தட்டுகளில் வரும் மீனையும் இறைச்சியையும் தொட்டுக்கொண்டு மது அருந்தி மகிழ்கிறார்கள். அதன் பூர்வோத்தரத்தை ஆராய்ந்தால், இப்போது தோக்கியோ என வழங்கும் எடோ நகரத்திலே, தச்சரும் கூலியாட்களும் பிரபுக்களின் பரிவாரத்தாருமாக, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் மிகுந்திருந்த காலத்தில், அரிசி மது விற்ற வியாபாரிகள், வாங்கியதை அங்கேயே இருந்து குடிக்க இடங்கொடுத்து, பின்னர் சுட்ட சோயாக் கட்டியும் வெந்த கிழங்கும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்தே அது பிறந்ததென்று தெரியவருகிறது. 'இருந்து குடிக்கும் கடை' என்பதே அப்பெயரின் பொருள். ஆகவே அக்கடையைத் தோற்றுவித்தது மதுவைக் காட்டிலும் அடுப்பில்லாமையே என்பது என் அபிப்பிராயம். வீட்டடுப்பை விட்டுத் தூரத்தில் வந்த மனிதர் கூடுமிடமெல்லாம் அப்படியொரு கடை தோன்றியே தீரும். மன்னார்க் கரையில் அது தோன்றிய விதம் வேறு, காரணம் ஒன்றே.

இக்கரைக்கு அந்நியர் வந்து உண்பது நேற்றைய சங்கதியன்று. பாடல் பெற்ற ஸ்தலமாகிய திருக்கேதீச்சரத்தின் அருகே, மாதோட்டம் என்றும் மாந்தை என்றும் பெயர்பெற்ற பழைய துறைமுகத்தை 1980களில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்ந்தபோது, சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகிட்ட மட்கலமும் உடைந்த துண்டுகளாக வெளிப்பட்டன. பின்னர் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில் கிடைத்த தானியங்களையும் விதைகளையும் பரிசோதித்தவர்கள், 2018இல் வெளியிட்ட முடிவில், மிளகையும், சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கிராம்பு ஒன்றையும், அவற்றோடு கோதுமையையும் திராட்சை விதையையும் கண்டதாகக் கூறினார்கள். மிளகும் கிராம்பும் விற்பனைச் சரக்கு, அதில் வியப்பில்லை. கோதுமையும் திராட்சையுமோ இவ்வறண்ட பூமியில் அக்காலத்தில் விளையாதவை. தன் ஊர் உணவை மறக்க மாட்டாத எவனோ ஒருவன் கடல் கடந்து வருவித்து உண்டவை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக மண்ணுள் கிடந்த அந்த விதையை நினைக்கும்போது, மாந்தைத் துறையில் காற்று மாறுவதற்காகக் காத்திருந்த ஓர் அந்நிய வணிகனின் பசி என் முன்னே வந்து நிற்கிறது.

மறிச்சுக்கட்டிக்குத் திரும்புவோம். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் சலாபத்தைப் பார்வையிடுவதற்கென்றே அரிப்பிலே மாளிகை கட்டினான். 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுந்த அதன் இடிந்த சுவர்கள் கடலரிப்புக்கு நடுவே இன்னும் நிற்கின்றன. அவன் காலத்திலே கொண்டச்சியில் கூடிய சலாப ஜனங்களுக்குக் குடிநீர் அரிப்பிலிருந்து சுமந்துவர வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்குப் பின்னர், 1905இலே, எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறி, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் வந்தது. அப்போது மறிச்சுக்கட்டியில் வீதிகள் அளந்து போடப்பட்டன. நீதிமன்றமும் ஆஸ்பத்திரியும் தந்தி நிலையமும் சிறைச்சாலையும் கிடுகாலும் மரத்தாலும் எழுந்தன. காயல், கீழக்கரை, தூத்துக்குடி ஊர்களிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியரும் முக்குளிக்க வந்தார்கள். வாணிகரோ பம்பாய் தொடங்கிப் பலதேசத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. பென்பீல்ட் என்னும் அமெரிக்க ராஜதந்திரி அந்நகரத்தின் அதிசயத்தைத் தம் பிரயாண நூலிலே விரிவாக வருணித்தார். 1906இலே இளம் உத்தியோகத்தராக அங்கே கடமை பார்த்த லெனாட் வூல்ஃப், முதியவரானபின் எழுதிய சுயசரிதையிலும் அதை மறக்கவில்லை.

நள்ளிரவு கழிந்து தரைக்காற்று எழும்பியதும் தோணிகள் பாய் விரித்துப் போகும். பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். நிறைவயிற்றோடு மூழ்க இயலாது. வளைகுடாவின் முக்குளிப்போர் விடியலில் சில பேரீச்சம்பழமும் காப்பியும் கொண்டு, முழு உணவை இரவுக்கென்று வைத்துக்கொள்வது பரம்பரை வழக்கம். ஆகையால் மறிச்சுக்கட்டிக்கு இரவே உயிர். கொட்டு என்னும் அடைப்புக்குள்ளே சிப்பியை எண்ணிப் பங்கிட்டு, முக்குளித்தவர் தமக்குரிய மூன்றிலொரு பங்கைக் கடைவீதியில் காசாக்கிக்கொண்ட பிறகு, கிடுகுக் கொட்டில்களில் அடுப்புகள் எரிந்தன. இந்தியக் கரையின் அரிசியும் இக்கடலின் மீனுமே அங்கே பிரதான ஆகாரம். ஒரு விஷயம் மட்டும் என் மனத்தை விட்டு அகல்வதில்லை: கோடிக்கணக்கில் குவிந்த சிப்பியின் தசை எவர் கலத்துக்கும் போகவில்லை. அதை அழுகவைத்து முத்தைப் பிரிப்பதே அங்கு வழக்கம். ஆதலால் வெயிலில் அழுகவிட்டார்கள். அந்தத் துர்க்கந்தமும் ஈக்கூட்டமும் சூழவே நாற்பதினாயிரம் பேர் சோறுண்டார்கள்.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். கடல் அடங்கி முத்துக் குளிக்கத் தோதாகும் மாசி, பங்குனி, சித்திரையே பனை பாளைவிட்டுச் சுரக்கும் பருவமும். தளநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பில் செருகி, காலையும் மாலையும் ஏறி இறங்கும் சீவல் தொழிலாளி முட்டிக்குள்ளே சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்துக்குள் தானே பொங்கிக் கள். சாராயமும் கள்ளும் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டு வந்தது; அந்தக் குத்தகை முறை 1912ஆம் வருஷத்து மதுவரிச் சட்டத்தோடு மாறத் தொடங்கிற்று; மதுவிலக்கு இயக்கம் வலுத்திருந்த காலமும் அதுவே. விற்குமிடத்துக்குத் தவறணை என்று பெயர். குசினி, பாண், மேசை, கோப்பை என்பவற்றைப் போல ஐரோப்பியர் வாயிலிருந்து நம் நாவில் ஏறி, இலங்கைத் தமிழாகவே ஆகிவிட்ட சொல்.

சலாப நகரம் நீடிக்கவில்லை. 1906 முதல் இருபது வருஷத்துக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாய் என்று லண்டன் கம்பெனி ஒன்று குத்தகை எடுத்தது. இரண்டு பருவத்துக்குள் சிப்பி விளையும் கடற்பார்கள் வெறுமையாகி, பின்னர் கம்பெனியும் கலைந்தது. 1925இல் ஒருமுறை கூடிப் பார்த்தார்கள். பழைய செழிப்பு வரவில்லை. 1914 முதல் தலைமன்னார்த் துறையில் இறங்கி ரயிலேறிய தனுஷ்கோடிக் கப்பற் பிரயாணிகளால் தீவில் சந்தடி இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தவறணை மட்டும் எஞ்சியது. 1972இல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவானபோது அது அவற்றின் கைக்கு வந்தது.

சில வருஷங்களுக்கு முன்னர், பங்குனி மாதத்துப் பிற்பகலொன்றில், பேசாலைக்குப் போகும் வழியில் ஒரு தவறணையின் வாங்கில் நான் அமர்ந்திருந்தேன். வெளியே வேலியோரம் ஓர் அம்மா இரும்புத் தாச்சியில் சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தார். மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பூசிய மீன் எண்ணெயில் விழுந்தபோதெல்லாம் எழுந்த வாசனை உள்ளே இருந்தோர் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வைத்தது. என் பக்கத்திலிருந்த முதியவர் இளம் பனையோலை ஒன்றை மடியில் விரித்து, இரு முனையையும் கொசுவி மடித்து, ஈர்க்கோடு கிழித்த நாரினாலேயே கட்டி, சிறு தோணி போன்ற பிளா ஒன்றை இமைப்பொழுதில் செய்து என் கையில் தந்தார்.

"பிடியுங்கோ தம்பி. மீன் வருமட்டும் பார்த்திருந்தா கள்ளுப் புளிச்சுப்போகும்."

பிளாவில் வார்த்த கள்ளுக்கு ஓலையின் பச்சை வாசனையும் சேர்ந்துவிடுகிறது. அதை ஏந்தியிருந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. வடபகுதித் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்கு வேறு குவளை வைத்த அநியாயம், 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் நெடுங்காலம் நீங்கவில்லை. மரத்தில் ஏறி இந்தச் சாற்றை இறக்கிக் கொடுத்தவனே அந்த வேற்றுக் குவளையில் தேநீர் குடிக்க வேண்டியிருந்தது. அந்த நினைவு இன்றும் நெஞ்சைச் சுடுகிறது. பிளாவோ ஒருவருக்கு ஒன்று. ஒருமுறைக்கு மேல் அதற்கு வேலையில்லை.

மீன் வந்தது. தலைமன்னாரிலிருந்து வலை விற்க வந்த இருவரும், சிலாபத்து லொறிக்காரர் ஒருவரும், நானும் ஒரே ஓலையில் கைவைத்து உண்டோம். பொழுது சாய்ந்து ஆட்கள் எழுந்தபோது, குடித்தெறிந்த பிளாக்கள் வேலிக்கு வெளியே குவிந்து கிடந்தன. மன்னார்க் கழுதைகளில் இரண்டு வந்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக மென்றுகொண்டிருந்தன.