எங்கிருந்து எண்ணுவது? இந்தியாவின் பாம்புக்கடி இறப்புக் கணக்கு குறித்து

பாம்புக்கடி நஞ்சேற்றத்தை உலக சுகாதார நிறுவனம் 2017இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகெங்கும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இதனால் இறப்பதாக அதன் மதிப்பீடு. இரண்டு எண்களுக்கும் இடையே 57,000 உயிர்கள் நிற்கின்றன. வேறெந்த நோய்க்காவது இவ்வளவு தொளதொளப்பான கணக்கைப் பொறுத்துக்கொள்வோமா? மருந்துத் தட்டுப்பாடு, வறுமை, மந்திரிப்பு எனப் புறக்கணிப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் மெய்தான். அவற்றுக்கெல்லாம் முன்னே கணக்கு நிற்கிறது என்பது என் வாதம். அதை இந்தியாவை வைத்துப் பார்க்கலாம்.

2011இல் வெளியான ஓர் ஆய்வு, 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 45,900 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிட்டது. மருத்துவமனைகள் அரசுக்கு அனுப்பிய எண்ணிக்கையைப்போல அது முப்பது மடங்குக்கும் மேல். ஆய்வாளர்கள் மருத்துவமனை ஏட்டை நம்பவில்லை. சாவு நடந்த வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, கடைசி நாட்களில் என்ன நேர்ந்தது என்று கேட்டெழுதச் செய்தார்கள். அந்தக் குறிப்புகளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்து இறப்புக்கான காரணத்தை முடிவு செய்தனர். இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனைக்கு வெளியே உயிர்விட்டவர்கள் என்பதும், 97 விழுக்காட்டினர் கிராமத்தவர் என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. இதன் தொடர்ச்சியாக 2020இல் வந்த ஆய்வு, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் 12 லட்சம் இறப்புகள் எனக் கணித்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. காலனிய அரசின் ஏடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டுக்கு 20,000 அளவில் பாம்புக்கடிச் சாவுகள் பதிவாயின. 1869ஆம் ஆண்டுக்கு மட்டும் காலனிய அரசின் மருத்துவர் ஜோசப் ஃபேரர் திரட்டியது 11,416. அதுவும் நாடு முழுவதற்குமான எண் அன்று. அக்கணக்கு ஊர்க்காவலர், போலீஸ் வழியாக மேலே போனது. கொலையையும் பாம்பின் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் அன்றே இருந்தது, நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் ஊரிலிருந்து எண்ணிய அந்தக் கணக்கு, மருத்துவமனையிலிருந்து எண்ணிய பிற்காலக் கணக்கைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

மருத்துவமனைக் கணக்கு குறைவானது மட்டுமில்லை, கோணலானதும்கூட. கண்ணாடி விரியன் வயலில் கடிக்கும். கால் வீங்கும், ஈறில் இரத்தம் கசியும். கூட இருப்பவர்கள் அலறியடித்துத் தூக்கி வருவார்கள். மருத்துவமனையில் இரண்டு மில்லி இரத்தத்தைப் புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராய் ஓடினால் விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். கட்டுவிரியனின் போக்கு வேறு. நள்ளிரவில், பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, பல தடவை பல் பட்ட தடமும் தெரிவதில்லை. விடிகாலையில் வயிற்றுவலி என்பார்; கண்ணிமை சரியும்; பேச்சு குழறும். வீட்டில் கஷாயம் கொடுப்பார்கள், அல்லது காத்துக்கருப்பு என்று திருநீறு போடுவார்கள். மருத்துவமனைக்கே வந்தாலும் அந்தக் கண்ணாடிக் குழாயில் இரத்தம் ஒழுங்காக உறைந்துவிடும். இமையைக் கவனிக்காத மருத்துவர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும். மூச்சுத்தசை செயலிழந்து அவர் இறந்தால் எந்த ஏட்டிலும் பாம்பு வராது. வீடு வீடாகக் கேட்ட ஆய்விலும் இத்தகைய சாவுகள் சில நழுவியிருக்கும். ஆகவே 45,900 என்பதையே குறைந்தபட்சக் கணக்காகக் கொள்வது பொருந்தும்.

ஏட்டில் இல்லாத நோயாளி மருந்துச் சந்தையிலும் இல்லை. ஆப்பிரிக்கப் பாம்புகள் பத்தின் நஞ்சை முறித்த ஃபேவ்-ஆஃப்ரிக் மருந்தின் தயாரிப்பை லாபமில்லை என்று சனோஃபி நிறுவனம் கைவிட்டது. கடைசித் தொகுப்பு 2016 ஜூனில் காலாவதியானது. தேவை இருந்தது, கொள்முதல் ஆணையாக அது மாறவில்லை. இந்தியாவில் மருந்து தயாராகிறது. அதற்கான நஞ்சில் பெரும்பங்கைத் தருவது 1978இல் தொடங்கிய, மாமல்லபுரத்தையடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஆனால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை குப்பி என்பது பொதுவாக முந்தைய பயன்பாட்டைப் பார்த்தே ஒதுக்கப்படுகிறது. மருந்தில்லாத நிலையத்துக்கு நோயாளி வருவதில்லை. நோயாளி வராத நிலையத்துக்கு மருந்து வருவதில்லை.

2024 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை, பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாடு அதே மாதம் 1939ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் அப்படி அறிவித்தது. வரவேற்கவேண்டியதே. ஆயினும் அறிவிக்கும் கடமை மருத்துவமனைமேல் விழுவதால், நான்கில் மூன்று பங்குச் சாவுகள் இன்னும் வெளியேதான் நிற்கும். கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவேடு ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. திடீரென்று இறந்த இளவயதினர் வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் சென்று மூன்று கேள்விகள் கேட்கலாம்: இரவில் எங்கே படுத்திருந்தார், காலையில் வயிறு வலித்ததா, இமை சரிந்ததா? குப்பி ஒதுக்கும் அதிகாரியின் மேசைக்கு இந்தப் பதில்களும் போயாக வேண்டும்.