கருவறை முதல் சிறுதேர் வரை

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்பது தமிழர் நாவில் பழகிய வழக்கு. ஒன்பது மாதம் என்றல்லவா மருத்துவர் கூறுகின்றனர் என்று வினவுவார் உளர். கடைசி மாதவிலக்கின் முதல் நாள் தொடங்கி 280 நாள் என்பதே மருத்துவர் போடும் கணக்கு. நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால் அது சரியாக 10 மாதம் ஆகும். பாட்டிமார் கணக்கிற் பிழை இல்லை.

குழந்தையின் வளர்ச்சியைப் பற்றித் தமிழ் இலக்கியம் பேசும்போதெல்லாம் இம்மாதக் கணக்கு உடன் வருகின்றது. கருவறைக்குள் நிகழும் வளர்ச்சியை மாணிக்கவாசகர் மாதந்தோறும் எண்ணிச் சொன்னார். வெளியே வந்த குழவியின் வளர்ச்சியைப் பிள்ளைத்தமிழ் மாதந்தோறும் வகுத்தது. ஆயினும் இவ்விரண்டும் ஒரு தன்மையன அல்ல. முன்னது கண்ணுக்குப் புலப்படாததைக் கருத்தால் எண்ணியது; பின்னது தாயர் நாள்தோறும் கண்டது. இவ்வேறுபாட்டை மறந்தமையால் விளைந்த தடுமாற்றம் சிறிதன்று.

திருவாசகத்துப் போற்றித் திருவகவலில், கருவுற்ற முதல் திங்கள் தொடங்கிப் பத்தாம் திங்கள் வரை, ஒவ்வொன்றிலும் உயிருக்கு நேரும் இடரையும் அதினின்று அது தப்புவதையும் அடிகள் அடுக்கிச் செல்கின்றார். முதல் மாதத்துச் செய்தியைக் கொண்டு, கரு அணு இரண்டாகப் பிரிவதை அடிகள் அன்றே அறிந்திருந்தார் என்று மேடைகளிற் பேசுவோர் உண்டு. இது பாடலுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. பாலூட்டி உயிர்களின் முட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே முதன்முதலில் தெளிவாகக் கண்டவர் கார்ல் ஏர்ன்ஸ்ட் பான் பேயர். நாயின் சூலகத்தில் அவர் கண்ட அச்செய்தி 1827இல் வெளியாயிற்று. ஆணணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றுகூடுவதைக் கடல் முள்ளெலியின் முட்டையில் ஆஸ்கார் ஹெர்ட்விக் கண்டது 1876இல். அதற்கு முன் உலகில் எந்நாட்டாரும் அதனைக் கண்டாரல்லர்.

அடிகள் எழுதியது மருத்துவ நூலன்று. அவர் மாதந்தோறும் திரும்பத் திரும்ப ஆளும் சொல் ‘பிழைத்தல்’ என்பது. பிறப்பதற்கு முன்பே ஓர் உயிர் பத்து முறை பிழைக்க வேண்டியிருக்கின்றது. பத்தாவது மாதத்துத் துன்பத்தையோ தாயும் சேயும் சேர்ந்தே கடக்கின்றனர். கரு நிலையாமற் போவதும், பேற்றில் தாய் மடிவதும் வீடுதோறும் அறியப்பட்டிருந்த காலத்தில் அச்சொல்லுக்கு உரை தேவைப்பட்டிராது.

இனிப் புறத்தே வந்த குழவி. குழவியையும் பாட்டுக்குரிய பொருளாகக் கொள்ளலாம் என்பதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலில் இடம் உண்டு. அதனைப் பெருவழியாக்கியவர் பெரியாழ்வார். கண்ணன் தொட்டிலிற் கிடந்தால் அது கிழியும்படி உதைக்கின்றான், எடுத்தாலோ இடுப்பை நோகச் செய்கின்றான் என்று ஆய்ச்சி சலித்துக்கொள்வதாக அவர் பாடுகின்றார். கைக்குழந்தையை நாளெல்லாம் சுமந்தவள் வாயில் வரும் பேச்சே அது. தொட்டில், செங்கீரை, சப்பாணி, தளர்நடை என அவர் பாடிச் செல்லும் நிலைகளுக்கு எண்ணும் இல்லை, மாதமும் இல்லை.

எண் பின்னர் வந்தது. இன்று கிடைக்கும் தனிப் பிள்ளைத்தமிழ் நூல்களுள் முந்தியது, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது ஒட்டக்கூத்தர் பாடியது. பருவம் 10 என்பது நிலைத்தது. பாட்டியல் நூலார் கூறும் ஒரு முறைப்படி 3ஆம் மாதத்திற் காப்பு, 5இல் செங்கீரை, 7இல் தால், 9இல் சப்பாணி, 11இல் முத்தம், 13இல் வருகை, 15இல் அம்புலி. ஏனைய மூன்றும் 17, 19, 21 ஆம் மாதங்களுக்கு உரியன. எல்லாம் ஒற்றைப்படை எண்கள். குழந்தை அவ்வாறு எண் பார்த்து வளர்வதில்லை.

எனினும் அவ்வெண்களுக்குள் உண்மை பல பொதிந்துள்ளன. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி அசைவதே செங்கீரை. (கீர் என்பதற்குச் சொல் எனப் பொருள் கொண்டு மழலைப் பருவம் என்பாரும் உளர்.) ஐந்து மாதக் குழந்தையைப் பாயிற் குப்புறக் கிடத்திப் பார்த்தவர் இதனை ஐயுறார். ஒன்பதாம் மாதத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவதும் அத்தகையதே. முத்தப் பருவத்தில் தாய் குழந்தையை முத்துவதில்லை. முத்தம் தா என்று குழந்தையைக் கேட்கின்றாள். ஓராண்டு நிரம்பும் தறுவாயில், கேட்ட சொல்லின் பொருள் அறிந்து அதன்படி செய்யும் திறன் குழந்தைக்கு வருகின்றது. இதை நோக்கி வைத்தவர் எவரோ, கூர்ந்த கண்ணுடையவர்.

தாற்பருவம் மட்டும் இடறுகின்றது. தாலாட்டுப் பிறந்த நாள் முதல் வேண்டப்படுவது. அதனை 7ஆம் மாதத்தில் வைத்தது வரிசையின் வேலையேயன்றிக் குழந்தையின் வேலையன்று.

வருகையும் ஆராயத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமுள்ள குழந்தை தனித்து நடக்கத் தொடங்குவது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போதும் ஆகலாம். பாட்டியலின் 13 அவ்வெல்லையின் ஏறத்தாழ நடுவில் நிற்கின்றது. ஆனால் அது நடுவேயன்றி வரம்பு அன்று. பதினைந்தாம் மாதத்திலும் சுவரைப் பிடித்தே நிற்கும் குழந்தையைப் பார்த்து, அண்டை வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டதே என்று கலங்கும் தாய்க்குத் தேவைப்படுவது நடு எண் அன்று, அவ்வகன்ற எல்லையே. அந்த ஆய்விலேயே 100இல் நால்வருக்குச் சற்று மேற்பட்டோர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடை பழகினர்.

கடைசி மூன்று பருவங்களில் ஆண்பால், பெண்பால் எனப் பாட்டுப் பிரிகின்றது. சிற்றில் சிதைப்பதும் சிறுபறை கொட்டுவதும் சிறுதேர் உருட்டுவதும் நடை தேறிய சிறுவனின் விளையாட்டுகள். பெண்பாலுக்கு இவற்றின் இடத்தில் வேறு மூன்று வரும். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் அவை அம்மானை, நீராடல், ஊசல் என்பன. அம்மானைக் காய்களை மாறிமாறி எறிந்து பிடிப்பது 21 மாதக் குழந்தைக்குக் கைவராது. தோழியரோடு ஆற்றில் நீராடுவதும் அவ்வயதினது அன்று. முந்திய பாட்டில் நிலவை அழைத்து விளையாடும் கைக்குழந்தை, அடுத்த பாட்டில் பல ஆண்டு வளர்ந்த சிறுமியாய் நிற்கின்றாள். மாதக் கணக்கு அவளைத் தொடர்ந்து வரவில்லை.